இடது தோளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி: ஜான் டென்வர் விமான விபத்து

1997 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5.28 மணிக்கு, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவை ஒட்டிய பசிபிக் குரோவ் என்ற சிற்றூருக்கு அருகே, பாயின்ட் பினோஸ் முனையை அடுத்த கடலில் ஒரு சிறு விமானம் மூக்கு கீழாக விழுந்து சிதறியது. அதில் இருந்தவர் ஒருவரே; ஓட்டியவரும் அவரே. பெயர் ஜான் டென்வர், வயது 53. 1970களில் அமெரிக்காவெங்கும் வீடுதோறும் ஒலித்த குரலுக்குச் சொந்தக்காரர் என்பதால் செய்தி உடனே உலகெங்கும் பரவியது. இறந்தவர் புகழ்பெற்றவர் என்ற காரணத்தாலேயே, மற்றபடி நான்கு வரிச் செய்தியாக முடிந்திருக்கக்கூடிய ஒரு சிறு விமான விபத்து அங்குலம் அங்குலமாக ஆராயப்பட்டது. அந்த ஆய்வில் தெரியவந்தவை பாடகரைப் பற்றியவை அல்ல. ஒருவர் தன் கையால் கட்டிய இயந்திரம் இன்னொருவர் கைக்கு மாறும்போது எது கூடவே போகிறது, எது போகாமல் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியவை. அந்த வகையில்தான் இங்கே இந்த விபத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கரையிலிருந்து கண்டவையும் கேட்டவையும்

சிறு விமானங்களில் கறுப்புப் பெட்டி இருப்பதில்லை. ஆகவே கடைசிக் கணங்களைத் தெரிந்துகொள்ள அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அதிகாரிகள் கரையோரம் இருந்தவர்களையே நம்ப வேண்டியிருந்தது. ஞாயிறு மாலை என்பதால் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 20 பேர் சாட்சி சொன்னார்கள். விமானம் கரையை நோக்கி வந்தபோது அதன் உயரம் 350 முதல் 500 அடி வரை இருந்திருக்கும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. எட்டுப் பேர் 'பட்' என்று வெடிப்பது போன்றோ, எஞ்சின் பின்னடிப்பது போன்றோ ஒரு சத்தத்தையும், அதைத் தொடர்ந்து எஞ்சின் இரைச்சல் தணிந்ததையும் கேட்டார்கள். ஐந்து பேர் விமானம் ஒரு பக்கமாகச் செங்குத்தாகச் சாய்ந்ததைப் பார்த்தார்கள். அவர்களில் நான்கு பேர், சாய்ந்தது வலப்பக்கம் என்றார்கள். பன்னிரண்டு பேர் மூக்கு கீழாக அது இறங்கியதைப் பார்த்தார்கள்.

கண்ணால் கண்டவர்களின் சொற்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதே விபத்து விசாரணைகளில் வழக்கம். இங்கோ மூன்று செய்திகள் ஒரே வரிசையில் பொருந்தின: எஞ்சின் ஒலி தடுமாறியது, விமானம் வலப்பக்கம் சாய்ந்தது, பிறகு விழுந்தது. எஞ்சின் நின்றால் விமானம் சாய்ந்து கவிழ வேண்டிய அவசியமில்லை. அது காற்றில் மிதந்தபடி மெல்லத் தாழும். அப்படியானால் அது ஏன் வலப்பக்கம் சாய்ந்தது என்பதுதான் இந்த விபத்தின் மையக் கேள்வி.

லாங் ஈஸி

விழுந்த விமானத்தின் வகை லாங் ஈஸி. பர்ட் ரூட்டன் வடிவமைத்த இவ்வகையின் முதல் விமானம் 1979இல் பறந்தது. தரையிறங்காமலும் நடுவில் எரிபொருள் நிரப்பாமலும் 1986இல் உலகைச் சுற்றிவந்த வாயேஜர் விமானத்தை வடிவமைத்தவரும் இவரே. லாங் ஈஸியைத் தொழிற்சாலையில் கட்டி விற்கவில்லை. ரூட்டனின் நிறுவனம் விற்றது வரைபடங்களையும் செய்முறை விளக்கத்தையும் மட்டுமே. வாங்கியவர் தன் வீட்டுக் கார் கொட்டகையில், சூடேற்றிய கம்பியால் நுரைக்கட்டியை அறுத்து இறக்கையின் வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, எபாக்சி பிசின் பூசி, காய்ந்ததும் தேய்த்து, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ உழைத்து விமானத்தைக் கட்டி முடிப்பார்.

பார்ப்பதற்கு அது வேற்றுலகப் பொருள் போலிருக்கும். வழக்கமாக வாலில் இருக்க வேண்டிய சிறு இறக்கை மூக்கில் இருக்கும். மூக்கில் இருக்க வேண்டிய புரொப்பெல்லர் பின்னால் இருந்து தள்ளும். விமானி முன்னாலும் பயணி பின்னாலுமாக இருவர் மட்டும் அமரலாம். நிறுத்தி வைத்திருக்கும்போது முன்சக்கரத்தை உள்ளே மடித்து, மூக்குத் தரையைத் தொட மண்டியிட்ட நிலையில் விட்டுவைப்பார்கள். முன் இறக்கையே முதலில் தூக்குவிசையை இழக்கும்படி வடிவமைக்கப்பட்டிருப்பதால், வேகம் குறைந்தால் மூக்குத் தானாகச் சற்றுத் தாழ்ந்து வேகம் மீண்டுவிடும்; மற்றச் சிறு விமானங்களைப் போலச் சட்டென்று தூக்குவிசையை இழந்து சுழன்று விழும் அபாயம் இதில் மிகக் குறைவு. நன்கு சோதித்த, நல்ல பெயரெடுத்த வடிவமைப்பு. ஆகவே, வீட்டில் கட்டிய விமானம் என்றாலே இப்படித்தான் ஆகும் என்று ஒரே வரியில் கடந்துபோவது இந்த வழக்கில் சரியாகாது.

மூக்கை இடவலமாகத் திருப்பும் சுக்கானின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு; பின்னால் அது முக்கியமாகப் போவதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லாங் ஈஸிக்கு நடுவில் ஒற்றைச் சுக்கான் கிடையாது. இரண்டு இறக்கை முனைகளிலும் செங்குத்தாக நிற்கும் சிறு தகடுகளில் பக்கத்துக்கொன்றாக இரண்டு சுக்கான்கள் இருக்கின்றன. வலது மிதியை அழுத்தினால் வலப்பக்கச் சுக்கான் மட்டும் வெளிப்புறமாக விரியும், இடதுக்கும் அப்படியே. இறக்கைகள் பின்னோக்கிச் சரிந்தவை என்பதால், மூக்கு வலப்பக்கம் திரும்பினால் விமானமும் உடனே வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்துவிடும். காலின் ஓர் அழுத்தம் போதும்.

இரண்டு தொட்டிகளும் ஒரு வால்வும்

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் உப்பலாக இருக்கும் பகுதிகளே எரிபொருள் தொட்டிகள். ஒவ்வொன்றும் சுமார் 26 கேலன், அதாவது 98 லிட்டர் கொள்ளும். உயர இறக்கை கொண்ட சில சிறு விமானங்களில் எரிபொருள் தன் எடையால் தானாகவே எஞ்சினுக்கு இறங்கிவரும். அவற்றில் இரண்டு தொட்டிகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம். லாங் ஈஸியில் எரிபொருளைப் பம்ப் உறிஞ்சி எடுக்கிறது. இரண்டையும் திறந்து வைத்தால், ஒன்று காலியானதும் பம்ப் அங்கிருந்து காற்றை இழுத்து எஞ்சினை நிறுத்திவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு தொட்டிதான். விமானி பறந்துகொண்டே அவ்வப்போது வால்வைத் திருப்பி மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. வண்டி திணறியதுமே 'ரிசர்வ் விழுந்துவிட்டது' என்று இடது கை தானாகக் கீழே போய், கண் சாலையில் இருக்க, விரல் டேப்பைத் திருப்பிவிடும். அது சாத்தியமானதற்குக் காரணம், டேப் முழங்காலுக்கு அருகில், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ரூட்டனும் இதை நன்கு உணர்ந்தே, விமானியின் இரு கால்களுக்கு நடுவில், குனிந்தால் கண்ணிலும் நீட்டினால் கையிலும் படும் இடத்தில் வால்வின் கைப்பிடியை வரைந்திருந்தார்.

டென்வர் வாங்கிய விமானத்தில் அது அங்கே இல்லை. 1980களில் அதைக் கட்டியவர், கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால், இருக்கைக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவருக்குக் கொண்டுபோயிருந்தார். எரிபொருள் குழாய்கள் விமானி அமரும் அறைக்குள் வரக் கூடாது என்பதே அவருடைய எண்ணமாக இருந்திருக்கிறது. இதை மடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவசரமாகத் தரையிறங்கி உடல்பகுதி நொறுங்கினால், கால்களுக்கு நடுவில் பெட்ரோல் ஓடும் குழாய் இருப்பதை யார்தான் விரும்புவார்? தீயை நினைத்து எடுத்த முன்னெச்சரிக்கை அது. ஆனால் ஓர் ஆபத்தை விலக்குவதற்காகச் செய்த அந்த மாற்றம் வேறோர் ஆபத்துக்கு வழிவிட்டதை அவர் கணக்கில் கொள்ளவில்லை.

அதைத் திருப்புவதற்கு விமானி என்ன செய்ய வேண்டும் என்பதை விசாரணை அதிகாரிகள் படிப்படியாகவே எழுதியிருக்கிறார்கள். வலப்பக்கம் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து கையை எடுக்க வேண்டும். தோள்பட்டை வாரைத் தளர்த்த வேண்டும். உடலின் மேற்பாதியை இடப்பக்கம் 90 பாகை திருப்ப வேண்டும். பிறகு கையை நீட்டிக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும்.

திருப்பினால் மட்டும் போதுமா? எந்தப் பக்கம் எதற்கு என்று அதில் எதுவும் எழுதப்படவில்லை. கைப்பிடி மேல்நோக்கி இருந்தால் எரிபொருள் அடைப்பு. கீழ்நோக்கி இருந்தால் வலத் தொட்டி. வலப்பக்கம் இருந்தால் இடத் தொட்டி. இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். நிதானமாக உட்கார்ந்து படிக்கும்போதே ஒரு கணம் இடறுகிறது. எஞ்சின் நின்றுபோன ஒருவர், முதுகுக்குப் பின்னால், பார்க்காமல், இதை நினைவிலிருந்து எடுத்தாக வேண்டும்.

எரிபொருள் அளவைக் காட்டும் கண்ணாடிகளும் பின் இருக்கைப் பகுதியில்தான் இருந்தன. முன்னால் அமர்ந்திருப்பவருக்கு நேராகத் தெரியாது. அவற்றிலும் கேலன் அளவுக் கோடுகள் இல்லை. தொட்டியின் வடிவம் சீரானது அல்ல என்பதால், கண்ணாடியில் கால் பங்கு உயரம் தெரிந்தால் தொட்டியில் கால் பங்கு இருக்கிறது என்று கணக்கிட முடியாது. இதே அமைப்போடு பறந்து, கவனிக்காமல் ஒரு தொட்டியை வற்றவிட்டு, மயிரிழையில் தப்பிய இரண்டு விமானிகள் தங்கள் அனுபவத்தை விசாரணையில் தெரிவித்தார்கள்.

இத்தகைய மாற்றத்துக்கு யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லையா என்று கேட்டால், இல்லை என்பதே பதில். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தன் கையாலேயே செய்து கட்டும் விமானத்துக்குப் 'பரிசோதனை வகை' என்று சான்றிதழ் தருகிறது. அந்தச் சொல் விமானத்திலும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். கட்டியவரே அதன் வடிவத்துக்குப் பொறுப்பு. மூல வரைபடத்திலிருந்து விலகலாம், விலகினேன் என்று அறிவிப்புப் பலகை வைக்கவும் தேவையில்லை. இந்தச் சுதந்திரம் இருந்ததால்தான் ரூட்டன் போன்றவர்கள் உருவானார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கட்டியவர் மட்டுமே ஓட்டும்வரை அந்தச் சுதந்திரத்தின் விலையைத் தருபவரும் அவரே. தன் வீட்டு ஸ்விட்ச் போர்டில் எது எந்த விளக்குக்கு என்று யாரும் எழுதி ஒட்டிக்கொள்வதில்லை, கை அறியும். வீடு கைமாறும்போதுதான் வாங்கியவர் இருட்டில் தடவுகிறார்.

சனிக்கிழமை

டென்வர் கற்றுக்குட்டி அல்லர். தந்தை அமெரிக்க விமானப்படையில் விமானியாக இருந்தவர். மகனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவமும், ஒற்றை எஞ்சின், பல எஞ்சின், நீரில் இறங்கும் விமானம், கிளைடர், கருவிகளைக் கொண்டே பறத்தல் எனப் பல தகுதிகளும், லியர்ஜெட் ஓட்டுவதற்கான தனித் தகுதியும் அவருக்கு இருந்தன. ஆனால் இந்த விமானம் அவருக்குப் புதியது. அதன் பதிவெண் என்555ஜேடி. கடைசி இரண்டு எழுத்துகள் அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

அக்டோபர் 11, சனிக்கிழமை, தெற்கே சான்டா மரியா என்ற ஊரில், லாங் ஈஸி ஓட்டிப் பழகிய ஒருவர் அரை மணி நேரம் அவருக்கு விமானத்தைப் பழக்கிக்கொடுத்தார். தரையில் விளக்கமும் வானில் பறத்தலும் சேர்ந்தே அரை மணி நேரம். அப்போது இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. டென்வரின் கால் சுக்கான் மிதிகளுக்குச் சரியாக எட்டவில்லை. எட்டுவதற்கு முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை வைக்க வேண்டியிருந்தது. மெத்தை வைத்ததும் அவர் முன்னால் தள்ளப்பட்டார். பின்னால் இருக்கும் வால்வுக் கைப்பிடி அதே அளவுக்கு அவருடைய கையைவிட்டு விலகிப்போயிற்று.

இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது. கால் எட்டினால் கை எட்டாது, கை எட்டினால் கால் எட்டாது என்ற நிலையில், அந்த இருக்கை அவருடைய உடலுக்குப் பொருந்தவில்லை என்பது சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க வல்லுநர் குழு எதுவும் தேவைப்படவில்லை. உட்கார்ந்து பார்த்ததும் தெரிந்தது. தெரிந்தபிறகும் அவர் அதே விமானத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓட்டி, மான்டரேக்குக் கொண்டுபோனார். வழியில் சிக்கல் எதுவும் எழவில்லை. ஒருமுறை ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்ததே அடுத்த முறைக்கான தைரியத்தைத் தந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம், அறிக்கையில் இருப்பதல்ல.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் பிற்பகல் மான்டரே விமான நிலையத்தில் ஒரு பராமரிப்புப் பணியாளர் டென்வருக்கு உதவினார். கைப்பிடி கைக்கு எட்டாததைப் பற்றியும், திருப்புவதற்கு அது கடினமாக இருப்பதைப் பற்றியும் இருவரும் பேசினார்கள். பேசியதோடு நில்லாமல் ஒரு வழியும் தேடினார்கள். கவ்வினால் பூட்டிக்கொள்ளும் வைஸ் கிரிப் பிளையரை எடுத்துக் கைப்பிடியில் கவ்வவைத்து, அதன் நீளத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். அப்படியும், வார் கட்டி அமர்ந்த நிலையில் டென்வருக்கு எட்டவில்லை. தேவைப்பட்டால் ஆட்டோபைலட்டைப் போட்டு விமானத்தை மட்டமாக நிறுத்திவிட்டு வால்வைத் திருப்பிக்கொள்வதாக அவர் சொன்னார்.

எரிபொருள் அளவு தெரியவில்லை என்பதற்கும் ஒரு வழி செய்தார்கள். எஞ்சின் சந்துபொந்துகளைப் பார்க்க மெக்கானிக்குகள் பயன்படுத்தும் சிறு முகக்கண்ணாடியைப் பணியாளர் கொடுத்தார். தோளுக்கு மேல் அதைப் பிடித்துப் பின்னால் இருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். அப்போது பணியாளர் பார்த்த அளவில், வலப்பக்கம் பாதிக்கும் குறைவு, இடப்பக்கம் கால் பங்குக்கும் குறைவு. எரிபொருள் நிரப்பட்டுமா என்ற கேள்விக்கு, சுமார் ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்று டென்வர் பதில் சொன்னார்.

ஒரு பிளையர், ஒரு கண்ணாடி, ஒரு மெத்தை. விபத்தின் காரணங்களாக 15 மாதங்கள் கழித்து வாரியம் வரிசைப்படுத்தியவற்றில் பெரும்பாலானவை அந்த மாலை விமானத்துக்குள்ளேயே பொருட்களாக இருந்தன. ஒவ்வொரு குறையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்துக்கு ஒரு ஒட்டுப்போடப்பட்டது. எல்லாக் குறைகளும் ஒரே கணத்தில் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் எழவில்லை. தொட்டிகளை நிரப்பியிருந்தால் அந்தக் கணம் அன்று வந்திருக்காது. இந்த முழுச் சங்கிலியிலும் மிக எளிதாக அறுக்கக்கூடிய கண்ணி அதுதான். லாரி வந்து நின்று பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

பிறகு அவர் புறப்பட்டார். ஓடுபாதையில் இறங்கித் தொட்டதும் மீண்டும் மேலெழும் பயிற்சியை மூன்று முறை செய்தார். புது விமானத்தைக் கைக்குப் பழக்குவதற்கு இது சரியான வழிதான். ஆனால் மேலெழும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் முழு விசையில் எரிபொருளைக் குடிக்கிறது. வரைபடம் பரிந்துரைத்ததைவிடப் பெரிய, 150 குதிரைத் திறன் கொண்ட லைகமிங் எஞ்சினே இந்த விமானத்தில் பொருத்தப்பட்டிருந்தது. மூன்று முறையும் குறையில்லாமல் முடித்துவிட்டு, மேற்கே கடற்கரைப் பக்கம் திரும்பினார்.

வலது கால்

500 அடியில் எஞ்சின் நின்றால் தரைக்கும் விமானத்துக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த உயரத்தில், ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு நிதானமாகத் திரும்பலாம் என்று தரையில் வகுத்த திட்டத்துக்கு நேரமும் இல்லை, மனமும் இராது. எஞ்சினை மீட்க வேண்டும். அதற்கு வால்வைத் திருப்ப வேண்டும். அதற்கு உடலைத் திருப்ப வேண்டும்.

விமானம் ஏன் வலப்பக்கம் சாய்ந்தது என்ற கேள்விக்கு, இதே வகை விமானத்தில் விசாரணை அதிகாரி ஒருவர் தானே அமர்ந்து பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. இடப்பக்கம் திரும்பித் தோளுக்குப் பின்னால் கையை நீட்டியபோதெல்லாம், உடலைத் தாங்கிக்கொள்வதற்காக அவருடைய வலது கால் தானாகவே நீண்டு வலது மிதியை உதைத்தது. அவர் உதைக்க நினைக்கவில்லை; உடல் செய்துகொண்டது.

நாற்காலியில் அமர்ந்தபடியே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கால்களை முன்னால் நீட்டி ஒரு சுவரில் பாதங்கள் படுமாறு வையுங்கள். இடுப்பை அசைக்காமல், வலது கையை இடது தோளுக்குப் பின்னால், முடிந்தவரை தூரம் கொண்டுபோங்கள். கடைசி இரண்டு அங்குலத்துக்கு வலது பாதம் சுவரை அழுத்துவதை உணர்வீர்கள். லாங் ஈஸியில் அந்தச் சுவர் இருக்கும் இடத்தில் வலது சுக்கான் மிதி இருக்கிறது. மிதி காலுக்கு எட்டட்டும் என்று வைத்த மெத்தை, அந்த உதையும் மிதிக்கு எட்டும்படி செய்துவிட்டது.

மிதி அழுந்தியதும் வலப்பக்கச் சுக்கான் விரிகிறது, மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது, சற்று மேலெழவும் செய்கிறது, சரிந்த இறக்கைகள் விமானத்தை வலப்பக்கம் சாய்க்கின்றன. விமானியின் கண் பின்னால் இருக்கிறது. தொடுவானம் சாய்வது அவருக்குத் தெரிவதில்லை. கை கட்டுப்பாட்டுக் கோலில் இல்லை. முன் இறக்கையின் புகழ்பெற்ற பாதுகாப்பு, வேகக் குறைவுக்கு எதிரானது. காலால் கொடுக்கும் சுக்கானுக்கு எதிரானதல்ல. திரும்பிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று புரிந்து, சரிசெய்வதற்கு 500 அடி போதவில்லை. சாட்சிகள் சொன்ன மூன்று செய்திகளும் இங்கே ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன.

கடலடியிலிருந்து எடுத்த சிதைவுகளில் அந்த வால்வும் கிடைத்தது. அது இடத் தொட்டியிலும் முழுதாக இல்லை, வலத் தொட்டியிலும் முழுதாக இல்லை, இடையில் நின்றிருந்தது.

வாரியத்தின் முடிவு

1999 ஜனவரியில் வாரியம் தன் முடிவை வெளியிட்டது. கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது விமானியின் கவனம் விமானத்தை ஓட்டுவதிலிருந்து விலகியதும், அறியாமலே வலது சுக்கானை அழுத்தியதும், அதனால் விமானம் கட்டுப்பாட்டை இழந்ததும் காரணம் என்றது. பறப்பதற்குமுன் போதிய திட்டமிடல் இல்லாததையும், குறிப்பாக எரிபொருள் நிரப்பாமல் போனதையும் காரணமாகவே சேர்த்தது. குறியீடு எதுவும் இல்லாத கைப்பிடியை எளிதில் எட்டாத இடத்தில் வைத்த கட்டுநரின் முடிவு, அளவுக் கோடுகள் இல்லாத கண்ணாடிகள், புது வகை விமானத்துக்கு மாறும்போது எடுத்த பயிற்சியின் போதாமை, இவ்வகையில் அனுபவக் குறைவு ஆகியவற்றைத் துணைக் காரணிகள் என்று குறித்தது.

இந்தப் பகுப்பில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. ஓட்டியவரின் செயல்கள் காரணம் என்றும், கட்டியவரின் முடிவு காரணி என்றும் பிரிப்பது சட்ட மொழிக்குச் சரியாக இருக்கலாம். நிகழ்ந்ததன் எடையை அது சரியாகக் காட்டவில்லை. கைப்பிடி கால்களுக்கு நடுவில் இருந்திருந்தால், அதே குறைந்த எரிபொருளோடு, அதே அரை மணி நேரப் பயிற்சியோடு, அதே 500 அடியில் ஒரு தொட்டி வற்றியிருந்தாலும், அவர் குனிந்து திருப்பியிருப்பார். கரையில் இருந்தவர்கள் எஞ்சின் ஒருமுறை இருமித் தெளிந்ததைக் கேட்டிருப்பார்கள். எனினும் கட்டியவர் மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமல்ல. அதே கைப்பிடியோடு அந்த விமானம் ஆண்டுக்கணக்கில் பறந்திருக்கிறது. அந்தக் கைப்பிடி கைக்கு எட்டவில்லை என்று நன்றாகத் தெரிந்தபிறகும், தொட்டியை நிரப்பாமல், தாழ்வாகப் பறந்தது ஓட்டியவரின் தேர்வு.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காக டென்வர் முன்னர் கைதானவர். அதன் தொடர்ச்சியாக 1996இல் எஃப்ஏஏ அவருடைய மருத்துவச் சான்றிதழைச் செல்லாததாக்கியிருந்தது. ஆகவே அன்று அவர் விமானம் ஓட்டியதே விதிக்குப் புறம்பானது. செய்திகளில் இது பெரிதாக அடிபட்டது. ஆனால் பிணப் பரிசோதனையில் மதுவோ போதைப்பொருளோ காணப்படவில்லை. வாரியமும் இதைக் காரணங்களில் சேர்க்கவில்லை. விதிமீறல் வேறு, விபத்தின் காரணம் வேறு.

அதன் பிறகு

வாரியம் எஃப்ஏஏவுக்கு ஒரு பரிந்துரையை அனுப்பியது: சொந்தமாகக் கட்டிய விமானத்துக்குச் சான்றிதழ் தருமுன், கருவிகளிலும் கட்டுப்பாடுகளிலும் தேவையான குறியீடுகள் இருக்கின்றனவா, முக்கியமான கட்டுப்பாடுகள் எளிதில் எட்டவும் இயக்கவும் கூடிய இடத்தில் இருக்கின்றனவா என்று ஆய்வாளர் பார்க்க வேண்டும். விமானம் கட்டுவோரின் சங்கமும் காப்பீட்டுத் துறையும், இவ்வகை விமானங்களை வாங்குவோரை அந்தந்த வகைக்கான பயிற்சி பெறுமாறு ஊக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. பழக்கமில்லாத அல்லது பரிசோதனை வகை விமானத்துக்கு மாறும் விமானிகளுக்கென்றே எஃப்ஏஏ ஒரு தனி வழிகாட்டிச் சுற்றறிக்கையை வெளியிட்டது 2011இல்தான்.

அதே 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த, சொந்தக் கட்டுமான விமானங்களின் 224 விபத்துகளை எடுத்துக்கொண்டு வாரியம் ஒரு விரிவான ஆய்வைச் செய்து, 2012இல் வெளியிட்டது. அவற்றில் 54 விபத்துகள் உயிரைக் குடித்தவை. இறந்தவர்கள் 67 பேர். எஞ்சின் கோளாறும், பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதும் மற்ற எல்லாவற்றையும்விட மிக அதிகமாகக் காணப்பட்டன. டென்வரின் கடைசி நிமிடத்தில் இவை இரண்டும் அடுத்தடுத்து வந்ததைக் கண்டோம். விபத்துக்குள்ளான விமானங்களில் பாதிக்குச் சற்று அதிகமானவை, ஓட்டியவர் தானே கட்டியவை அல்ல; கட்டி முடித்த நிலையில் பிறரிடமிருந்து வாங்கியவை. 224இல் 14 விபத்துகள், அப்படி வாங்கியவர் அந்த விமானத்தில் பறந்த முதல் பறப்பிலேயே நடந்தவை.